காலையில் முதல் வேலை மணற்பெட்டி

காலையில் எழுந்ததும் நான் முதலில் கையிலெடுப்பது எங்கள் பூனை சாம்புவின் மணற்பெட்டிக்கான, அதாவது அது வீட்டுக்குள் மலமும் சிறுநீரும் கழிக்க மணல் நிரப்பி வைத்திருக்கும் பெட்டிக்கான, சல்லடைக் கரண்டியைத்தான். மற்ற வேலைகளெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கு எனக்கு முதலிலேயே வந்துவிடவில்லை. தவறு செய்து, அதன் பலனைச் சாம்பு அனுபவித்த பிறகே வந்தது.

சாம்பு வீட்டுக்கு வந்த புதிதில், மேலே மூடியும் முன்னால் ஆடும் கதவும் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி, அதில் வாசனை சேர்த்த மணலைக் கொட்டி வைத்திருந்தேன். வாரத்துக்கு இரண்டு முறை அள்ளுவேன். அறைக்குள் நாற்றம் வரவில்லை என்பதால் பெட்டி சுத்தமாக இருக்கிறது என்றே நம்பினேன். ஒருநாள் மடித்து வைத்திருந்த போர்வையின் மேல் சாம்பு சிறுநீர் கழித்திருந்தது, அதட்டினேன். சில நாட்களில் மிதியடி, அதன் பின் துவைக்கப் போட்டிருந்த துணிக்குவியல். கால்நடை மருத்துவர் சிறுநீரைப் பரிசோதித்து நோய் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் பற்றி விசாரித்தார். வீட்டுக்கு வந்து, தரையில் மண்டியிட்டு, அந்த ஆடும் கதவைத் தூக்கி உள்ளே முகத்தை நீட்டினேன். கண் எரிந்தது. செயற்கைப் பூவாசனையும் அம்மோனியாவும் கலந்த அந்தக் காற்றில் என்னால் இரண்டு மூச்சுகூட இழுக்க முடியவில்லை. நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கு உடைய பிராணியை அதற்குள் போய் உட்காரச் சொல்லிவிட்டு, வராததற்கு அதட்டியும் இருக்கிறேன் என்ற குற்ற உணர்ச்சி இன்றும் போகவில்லை.

வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. குறைந்த நீரில் உயிர் வாழ்ந்த அந்த இனத்தின் சிறுநீரகம் நீரை மிச்சம் பிடித்து, சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றுகிறது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் அம்மோனியா கிளம்புகிறது. ஆகவே நேரம் ஆக ஆக நாற்றம் ஏறுமே தவிர இறங்காது. கருத்தடை செய்யப்படாத ஆண் பூனைகளின் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலமும் அதிகம். அது சிதைந்து கந்தகம் கலந்த சேர்மங்களைத் தருவதால், அந்த வாடை தனியாகவே தெரியும். இதையெல்லாம் வாசனைப் பொடியால் மறைக்கலாம், போக்க முடியாது. அள்ளி எடுப்பது ஒன்றே வழி.

அள்ளுவதிலும் பக்குவம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர், அதுவரை பூனைக்குச் சாம்பலைப் பயன்படுத்தி வந்த அண்டை வீட்டுப் பெண்ணுக்கு உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்ததிலிருந்து பூனை மணல் விற்கும் தொழிலே வளர்ந்தது என்பார்கள். அந்தக் களிமண் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் கட்டியாகாது. நான் பயன்படுத்துவது பென்டோனைட் என்ற வேறு வகைக் களிமண்ணால் ஆன மணல். ஈரம் பட்டதும் உப்பிக் கட்டியாகும். பூனை வெளியே வந்த உடனே கரண்டியைச் செருகினால் இளகிய கட்டி உடைந்து, துணுக்குகள் நல்ல மணலோடு கலந்துவிடும். அப்புறம் எத்தனை முறை சலித்தாலும் வாடை போகாது. சற்றுப் பொறுத்து, கட்டி இறுகிய பிறகு, கரண்டியை அதன் அடிவரை கொண்டுபோய் ஓரத்திலிருந்து மெல்லத் தூக்க வேண்டும். மணல் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் கட்டி அடித்தட்டில் ஒட்டிக்கொள்வதும் குறையும். அள்ளியதை உறையிலிட்டுக் கட்டிக் குப்பையில் சேர்க்கிறேன். உப்பும் தன்மை உள்ள மணலைக் கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை மணல் முழுவதையும் கொட்டிவிட்டு, வாசனையற்ற சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவைத்துப் புதிய மணல் நிரப்புகிறேன். பிளீச்சை நான் பக்கத்திலேயே கொண்டுபோவதில்லை. மிச்சமிருக்கும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் நுரையீரலைப் பாதிக்கும் குளோரமின் வாயு உண்டாகும். பூனை பிறாண்டிப் பிறாண்டிப் பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களில் வாடை தங்கிவிடுவதால், கழுவிய பின்னும் வாடை வீசுகிற பெட்டியை மாற்றிவிடுவதே நல்லது. சாம்புவுக்கு இப்போது மூடியில்லாத, அகலமான பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம்.

தினமும் அள்ளுவதற்கு மனிதர் சார்ந்த காரணமும் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் புதிய மலத்தில் இருந்தாலும் உடனே தொற்றுவதில்லை; தொற்றும் நிலையை அடைய அவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து நாட்கள் தேவை. அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் அந்த அவகாசம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. இந்தத் தொற்று கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவதும், முடியாதபோது கையுறை அணிந்து செய்து கைகளைச் சோப்பால் கழுவுவதும் அவசியம். அதற்காகப் பூனையையே வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை.

இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பூனை தன் நோயைச் சொல்லாது, மறைக்கும், மணற்பெட்டி சொல்லிவிடும். கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் அதிகமாகவும் ஆனால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கக்கூடும். கட்டிகள் சிறுத்துப்போனால் நிலைமை இன்னும் அவசரம். சென்ற ஆண்டு ஒரு காலையில், நெல்லிக்காய் அளவில் கிடக்க வேண்டிய கட்டிகளுக்குப் பதிலாகப் பட்டாணி அளவில் நான்கைந்து மட்டுமே அகப்பட்டன. நான் அள்ளிக்கொண்டிருக்கும்போதே சாம்பு வந்து குந்தியது, முக்கியது, ஒன்றும் வராமல் எழுந்து போனது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் குறுகலானது; அது முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாட்களில் உயிரே போய்விடும். அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே மருத்துவரிடம் ஓடினேன். அடைப்பு முழுமையாகும் முன்பே வந்துவிட்டீர்கள் என்றார். வாரம் இருமுறை அள்ளிக்கொண்டிருந்த பழைய நாளாக இருந்திருந்தால், எனக்கு அது கண்ணில் பட்டே இருக்காது.

வெளியூர் போகும்போது பூனையைப் பார்த்துக்கொள்பவரிடம் நான் இரவில் தொலைபேசியில் முதலில் கேட்பது, சாம்பு சாப்பிட்டதா என்று அல்ல. இன்றைக்கு எத்தனை கட்டி, என்ன அளவு என்பதைத்தான்.