ஜன்னல் பக்கம் திரும்புங்க பாட்டி

தம்பி ஒருவர் இன்று அனுப்பிய படம். கூடத்தில் பாட்டி. சிரிப்பு அள்ளுது, ஆனா கண் இரண்டும் இருட்டு.

டியூப்லைட் தலைக்கு மேலே. அதான் கண்குழியில், மூக்கடியில் நிழல். ஜன்னல் வெளிச்சமும் கலந்ததால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னத்தில் பச்சை.

முதலில் லைட்டை அணைங்க. ஜன்னலிலிருந்து மூணடி தள்ளி, முகம் பாதி அந்தப் பக்கம் திரும்பும்படி உட்கார வைங்க. கருவிழியில் ஜன்னல் சின்னச் சதுரமாகத் தெரியணும். அது தெரியும்வரை ஷட்டரைத் தொடவேண்டாம்.

ஜன்னல் வெளிச்சம் பட்டுத் திரும்ப, நிழல் பக்கம் வெள்ளை வேட்டியோ தெர்மோகோலோ பிடிச்சா போதும்.

ஷட்டர் வேகத்தை 1/125 நொடியைவிட மெதுவா வைக்காதீங்க, சிரிக்கிற முகம் அசையும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600 வரை தயங்காம ஏத்தலாம். படத்தில் புள்ளி புள்ளியா தெரிந்தால் அப்புறம் எடிட்டிங்கில் குறைச்சுக்கலாம். அசைஞ்சு கலங்கினதைச் சரிபண்ண முடியாது.

ஃபோகஸ், கேமராவுக்குக் கிட்ட இருக்கிற கண்ணில்.