எறிபொருளின் முன் துடிக்கும் தீ: ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

காரைக்குடியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் தம்பி, தங்கைகள் யாராவது ஹைப்பர்சானிக் (ஒலியைவிடப் பல மடங்கு வேகமான) எறிபொருளைச் சுற்றி ஷாக்கால், அதாவது அதன் முன் எழும் அதிர்ச்சி அலையால், பற்றும் எரிதலைத் தலைப்பாக எடுத்திருந்தால், சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் கால்குலேட்டரை எடுங்கள். பெரிய தவறுகள் ஒரு தாள் கணக்கிலேயே பிடிபட்டுவிடும்.

எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பது லேர் என்ற ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட சோதனைகளோடுதான். எறிபொருளின் விட்டம் 15 மி.மீ., மூக்கு அரைக்கோளம். சரிவிகித ஹைட்ரஜன்-காற்றுக் கலவை, அழுத்தம் 320 மி.மீ. பாதரசம், அதாவது 42.7 கிலோபாஸ்கல், வெப்பநிலை ஏறக்குறைய 292 கெல்வின். மாக் (ஒலிவேகத்தின் மடங்கு) 4.48இல் தீமுகப்பு 425 கிலோஹெர்ட்ஸில் துடிக்கிறது, 4.79இல் 712. மாக் 6.46இல் துடிப்பே கிடையாது.

இந்தக் கலவையில் ஒலிவேகம் சுமார் 403 மீ/வி. ஆக மாக் 4.48 என்பது 1805 மீ/வி. காமா (வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம்) 1.4 என்று வைத்தால் நேர்ஷாக்கின் (ஓட்டத்துக்குச் செங்குத்தான ஷாக்கின்) பின்னே அழுத்தம் 23 மடங்கு, வெப்பநிலை 1410 கெல்வின். வெப்ப ஏற்புத்திறன் வெப்பநிலையோடு கூடுவதால் உண்மையில் இன்னும் குறையும். அந்தக் குறைவை அலட்சியம் செய்யாதீர்கள். பற்றுவதற்கு முந்தைய தாமத நேரம் வெப்பநிலைக்கு மிக நுணுக்கமாக அசைந்து கொடுக்கும். அதிர்வெண் அதோடு சேர்ந்தே நகரும். கான்டெரா என்ற வேதிவினைக் கணக்கு மென்பொருளில் இந்தத் தாமதத்தைத் தனியாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வேதிவினையை நிறுத்திவிட்டு ஒரு சிமுலேஷன் ஓட்டம். ஷாக்கின் தூரத்தைத் தரும் பில்லிக் சூத்திரப்படி மூக்கிலிருந்து ஷாக் 1.26 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். 3.6 மி.மீ. வந்தால் நீங்கள் ஓட்டியது கோளத்தை அல்ல, உருளையை. அச்சுச் சமச்சீர் அமைப்பு விட்டுப்போயிருக்கிறது. இன்னொன்று, ஹைட்ரஜனின் மோல் பின்னம் 0.296, நிறைப் பின்னம் 0.0285. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் தேடுவது வழக்கமாக நடக்கிறது. ஓப்பன்ஃபோம் என்ற பாய்ம ஓட்ட மென்பொருளில் உள்ள ரோசென்ட்ரல்ஃபோம் என்ற தீர்வுநிரல் தனியாக எரிதலைக் கணக்கிடாது என்பதையும் தலைப்பை உறுதி செய்யும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வலைக்கண் 10 மைக்ரான் என்றால் மூக்குக்கும் ஷாக்குக்கும் இடையிலான அந்த 1.26 மி.மீ.யில் சுமார் 125 கண்கள் விழும். ஷாக்குக்கும் தீமுகப்புக்கும் நடுவே கண் பெரிதானாலோ, முதல்நிலைத் துல்லிய முறை போட்டாலோ துடிப்பு அடங்கி, படம் அழகாக நிலைத்துவிடும். அதை விடை என்று நம்பிவிடாதீர்கள். நேரப்படி 3 நானோவினாடி அளவில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் லேப்டாப் சூடேறி வேகம் குறையும். இரவில் ஓட்டுங்கள், மீட்புக் கோப்பை அடிக்கடி எழுத வையுங்கள்.

அழுத்தத்தைத் தேக்கப்புள்ளியில் (மூக்கின் நுனியில் ஓட்டம் நின்றுவிடும் இடத்தில்) பதியுங்கள். மாக் 4.48இல் ஒரு துடிப்புச் சுற்று 2.35 மைக்ரோவினாடி. பத்துச் சுற்று மட்டும் எடுத்தால் ஃபூரியே பகுப்பாய்வின் அதிர்வெண் பிரிதிறன் 42 கிலோஹெர்ட்ஸ்தான். அதில் 425, 440 என்று வேறுபடுத்திச் சொல்ல முடியாது. நாற்பது சுற்றாவது வேண்டும், அதுவும் தொடக்கக் குழப்பம் கழிந்த பிறகு. கூடவே லேரின் நிழற்படத்தில் துடிப்பு விட்டுச் செல்லும் வரிகளின் இடைவெளியையும் ஒப்பிடுங்கள்: வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் மாக் 4.48இல் தோராயமாக 4.2 மி.மீ., 4.79இல் 2.7 மி.மீ.

வைவாவில் துடிப்பின் பொறிமுறையைக் கேட்பார்கள். மெக்வே, டூங் முன்வைத்து, மாட்சுவோவும் ஃபுஜிவாராவும் திருத்திய விளக்கத்தைப் படம் வரைந்து சொல்லப் பழகுங்கள். ஷாக்குக்கும் தீமுகப்புக்கும் நடுவே உள்ள தாமத மண்டலத்தில் புது எரிதல் வெடிக்கிறது. அது அனுப்பும் அமுக்க அலை முன்னேறி ஷாக்கை வலுப்படுத்துகிறது. வலுத்த ஷாக்கைக் கடந்த வாயு கூடுதல் சூட்டோடு வருவதால் சீக்கிரம் பற்றி, பழைய தீமுகப்புக்கு முன்னாலேயே அடுத்த எரிதலைத் தொடங்குகிறது. பழைய முகப்பில் எரிய வாயு தீர்ந்ததும் கிளம்பும் விரிவலை ஷாக்கைத் தளர்த்துகிறது. மாக் கூடினால் அதிர்வெண் ஏன் கூடுகிறது என்றால், ஷாக்கின் பின்னே சூடு ஏறித் தாமதம் சுருங்குவதால். 6.46இல் வேகம் கலவையின் டெட்டனேஷன் (ஷாக்கும் எரிதலும் சேர்ந்தே ஓடும் வெடிப்பு) வேகத்தைத் தெளிவாகத் தாண்டிவிடுகிறது. தாமதம் மிகச் சிறிதாகி, தீமுகப்பு ஷாக்கோடு ஒட்டியே நிற்கிறது.