தக்கலை வீட்டுப் பின்முற்றத்தில் ஒரு சுழல்கம்பி

ஆனி மாதக் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் சென்றபோது, காவல்கிணறு தாண்டியதுமே காற்று ஜன்னலை அறையத் தொடங்கிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து பாய்வதால்தான் முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. எப்போதும் அவற்றை வியந்து பார்த்துக்கொண்டு வருபவன், இம்முறை தக்கலையில் அக்காள் வீட்டில் மறுநாள் கோழி சுட மூட்டப்போகும் கரிநெருப்பை இந்தக் காற்று என்ன செய்யுமோ என்ற கவலையுடன் வந்தேன்.

அத்தான் துபாயில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது ஒரு ரொட்டிசெரி இணைப்பை, அதாவது முழுக்கோழியைக் கம்பியில் குத்தி நெருப்பின்மேல் சுழற்றிச் சுடும் கருவியை, வாங்கி வந்திருந்தார். ஒரு சதுர இரும்புக்கம்பி, கோழியை இரு பக்கமும் குத்திப் பிடிக்கும் இரண்டு கவைமுள்கள், இரண்டு தாங்கிகள், ஒரு சிறிய மோட்டார், இவ்வளவுதான் பெட்டியில் இருந்தன. பின்முற்றத்தில் நின்ற கிரில், இரும்பு டிரம்மை நெடுக்காகப் பிளந்து உள்ளூர்ப் பட்டறையில் செய்தது. தாங்கிகள் அதன் வளைந்த விளிம்பில் உட்காரவே இல்லை. காலையிலேயே பட்டறைக்குப் போய், இரண்டு பக்கமும் ஆங்கிள் துண்டுகளைப் பற்றவைத்து, அவற்றின்மேல் தாங்கிகளை போல்ட் போட்டு முடுக்கினோம். வீட்டுக்கு வந்ததும் கம்பியின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, ஒரு பக்கக் காலடியில் ஓட்டுத்துண்டு கொடுத்துச் சமன் செய்தேன். கம்பி சரிந்திருந்தால் ஒழுகும் கொழுப்பெல்லாம் ஒரே முனைக்கு, அதுவும் மோட்டார் முனைக்கு, ஓடிவிடும். மின்சாரத்தில் சிக்கல் இல்லை. அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். சதுர முனைப் பிளக்கை மட்டும் மாற்றினோம்.

கோழியைக் கம்பியில் ஏற்றுவதைத்தான் இந்த வேலையின் உயிர் என்பேன். ஒன்றரைக் கிலோ கோழிக்கு முந்தைய இரவே உப்பும், இடித்த நல்லமிளகும், இஞ்சி பூண்டும் தடவி வைத்திருந்தோம். காலையும் இறக்கையையும் உடலோடு ஒட்டக் கட்டுவதற்கு நூல் தேடினால் வீட்டில் நைலான் மட்டுமே இருந்தது. அத்தானின் அம்மா, “மக்களே, அது தீயில உருகிப் போவும்; இந்த நாரெ வச்சுக் கெட்டு” என்று தண்ணீரில் ஊறிய வாழைநாரை நீட்டினார். தோவாளைப் பூக்காரர்கள் மாலை கட்டும் அதே நார்தான். முனைகள் கருகினாலும் முடிச்சு கடைசிவரை விடவில்லை.

முதல்முறை ஏற்றியபோது அவசரப்பட்டுவிட்டேன். மோட்டாரைப் போட்டதும், நெஞ்சுப்பக்கம் மேலே ஏறும்போது முனகலும், உச்சியைக் கடந்ததும் ஒரு பாய்ச்சலுமாகச் சுழன்றது. இப்படிச் சுழன்றால் ஒரு பக்கம் நெருப்பின்மேல் நெடுநேரம் நின்று கருகும், மறுபக்கம் வேகாது, மோட்டாரின் பல்சக்கரமும் தேய்ந்துபோகும். கழற்றி, கம்பியை நெஞ்செலும்பை ஒட்டி நடுவாகச் செலுத்தி, கவைமுள்களை இறுக்கி, கம்பியின் இரு முனைகளையும் இரண்டு உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டேன். கனத்த பக்கம் மெல்ல உருண்டு கீழே வந்து நின்றது. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், பட்டறையில் கேட்டு வாங்கிவந்த பெரிய நட் ஒன்றை ஒரு கிளாம்பில் மாட்டி, விரலளவு விரலளவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் கம்பி விட்ட இடத்திலேயே நின்ற அந்தக் கணத்தில் மனம் நிறைந்துபோனது.

கரிக்குச் சிரட்டைக்கரியைவிட இந்த ஊரில் வேறென்ன வேண்டும்? புகை குறைவு, சூடு அதிகம். வெள்ளைச் சாம்பல் பூத்ததும் கரியை முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையாக ஒதுக்கி, கோழிக்கு நேர் கீழே தண்ணீர் ஊற்றிய அலுமினியத் தட்டை வைத்தேன். கொழுப்பு கரியில் சொட்டினால் தீ எழும்பித் தோலைக் கருக்கிவிடும். நான் அஞ்சியபடியே மேற்கிலிருந்து வந்த காற்று ஒரு வரிசையை மட்டும் ஊதிச் சிவக்க வைத்தது. அத்தான் ஒரு தகரத்தை நிறுத்தி மறைத்தார். தென்னையிலிருந்து ஓலை விழாத இடமாகவும் முன்பே பார்த்திருந்தோம்.

அரைமணி நேரத்தில் தோல் பொன்னிறமாகி, கொழுப்பு சொட்டாமல் கோழியின்மேலேயே உருண்டு பரவியது. இடையிடையே கறிவேப்பிலைக் கொத்தைத் தேங்காயெண்ணெயில் தோய்த்துத் தடவினேன். 1 மணி 20 நிமிடம் ஆனபோது தொடையின் தடித்த இடத்தில், எலும்பையும் கம்பியையும் தொடாமல், வெப்பமானியைக் குத்திப் பார்த்தோம். 74 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டியபோது நெஞ்சுக்கறியிலும் சாறு ஊறியிருந்தது. பொதுவாக வறண்டுபோகும் பகுதி அதுதான். அவித்த மரச்சீனிக்கிழங்கோடும் காந்தாரி மிளகாய்ச் சட்டினியோடும் வாழையிலையில் சாப்பிட்டோம்.

இரவு சாரல் தொடங்குவதற்குள் மோட்டாரைக் கழற்றி உள்ளே வைத்தோம். இந்த ஈரக்காற்றில் இரும்பு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும் என்பதால், கம்பியையும் கவைமுள்களையும் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசிப் பழைய வேட்டித்துணியில் சுற்றி, அத்தான் பரணில் ஏற்றினார்.