வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஒரு வைட்டமின் டி பரிசோதனை

மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியான சில நாட்களிலேயே, துபாயில் இருக்கும் என் கணவரின் லாத்தா (அக்கா) ஒரு குரல் பதிவு அனுப்பினார். "வைட்டமின் டி குறைஞ்சாத்தான் பிள்ளைகளுக்கு இது வருதாம். நல்லா வெயில்ல விடுங்க, பெரிய டோஸா மருந்து குடுங்க, பேச்சு தானா வந்துரும்." அப்புறம் அதே செய்தி வேறு வேறு ஆட்கள் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் எல்லோருக்கும் ஏதோ ஒரு நாள் இது வந்து சேரும் என்று நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினம் பக்கம். நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமி (கணவரின் அம்மா), மகன். அவனுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது.

லாத்தாவின் செய்தி என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மாமி கேட்ட கேள்விதான் பாதித்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று சொல்லி, கர்ப்பத்தின் பிற்பாதி முழுக்க என்னைப் படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். "அஞ்சு மாசமும் ரூமுக்குள்ளயே கிடந்தியேம்மா, வெயிலே படலையே, அதனாலயா இருக்குமோ?" மாமி குத்திக்காட்டும் ஆள் கிடையாது. அவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரி, இதில் எவ்வளவு உண்மை என்று பார்த்துவிடுவோம் என்று படிக்க உட்கார்ந்தேன்.

இந்தப் பேச்சு ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. 2008-ல் ஜான் கேனல் என்ற அமெரிக்க மருத்துவர், வைட்டமின் டி குறைவுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கருதுகோளை எழுதினார். அதே காலத்தில் ஸ்வீடனில் குடியேறிய சோமாலியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் அதிகமாகக் காணப்படுவதாக ஆய்வுகள் வந்தன. அங்கே குளிர்காலத்து வெயிலில், தோல் வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதா பி கதிர் கிட்டத்தட்ட இல்லை. கறுத்த தோலுக்கு அந்தக் கதிர் இன்னும் கூடுதலாக வேண்டும், உடம்பை மூடிய உடை வேறு. அந்தத் தாய்மார்களின் ரத்தத்தில் வைட்டமின் டி மிகக் குறைவாகவே இருந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஆயிரக்கணக்கான தாய்மார்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், கர்ப்பத்தின் நடுவில் வைட்டமின் டி குறைந்திருந்தவர்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசத் தன்மைகள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. இதைப் படித்தபோது மாமியின் கேள்வி மறுபடி காதில் ஒலித்தது என்பதை மறைக்கவில்லை.

ஆனால் வகுப்பில் நானே பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்று உண்டு. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. கர்ப்பத்தில் வைட்டமின் டி குறைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இல்லை. வெயில் கொட்டும் நம் நாட்டிலேயே கர்ப்பிணிகளிடம் இந்தக் குறைபாடு சர்வசாதாரணம். அது மட்டும் போதும் என்றால் நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆட்டிசம் இருந்திருக்க வேண்டும். ஐந்து நாடுகளின் லட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்து 2019-ல் வந்த ஆய்வு, ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு சுமார் 80 சதவீதம் என்று கணக்கிட்டது. தாய் பாசமாக இல்லாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று சொன்ன காலமும் இருந்தது, தடுப்பூசியால் வருகிறது என்று சொன்ன காலமும் இருந்தது. இரண்டும் பொய்யாகிப் போயின. எது வந்தாலும் முதலில் தாயின் தலையில்தான் வந்து விழுகிறது என்பது என் எரிச்சல்.

இதைவிட முக்கியமான கேள்வி, ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வைட்டமின் டி கொடுத்தால் மாறுமா என்பது. பெரிய மாற்றம் வந்ததாகச் சொன்ன ஓர் எகிப்திய ஆய்வு உலகம் முழுக்கப் பகிரப்பட்டது. அதை வெளியிட்ட இதழே 2019-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அயர்லாந்தில் பிள்ளைகளுக்கு நாளுக்கு 2000 யூனிட் வீதம் 20 வாரம் கொடுத்துப் பார்த்ததில், முக்கியமாக எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை. வேறு சில சிறிய ஆய்வுகள் எரிச்சல் குணம் கொஞ்சம் குறைந்ததாகச் சொல்கின்றன. இருக்கட்டும். ஆனால் 'பேச்சு தானா வந்துரும்' என்பதற்கு இதில் எங்கும் ஆதாரம் இல்லை.

ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில், வளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு மையத்தில் எங்களைப் பார்த்த டாக்டரம்மாவிடம் இதையெல்லாம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆட்டிசத்துக்காக டெஸ்ட் எடுக்காதீங்க. இவன் என்ன சாப்பிடுறான்னு சொல்லுங்க" என்றார்.

அங்கேதான் விஷயம் திரும்பியது. மீன் மணக்கும் ஊரில் பிறந்து மீனைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை அவன். மத்தி, அயிலை மாதிரி எண்ணெய் மீன்களில்தான் உணவு வழியாகக் கொஞ்சமாவது வைட்டமின் டி கிடைக்கும். அவனோ வெள்ளை இடியாப்பம், வெறும் சோறு, ஒரே கம்பெனியின் ஒரே பிஸ்கட், இதைத் தாண்டி எதையும் வாயில் வைக்க மாட்டான். முட்டை மஞ்சள் கிடையாது, பால் கிடையாது. சத்தம் பிடிக்காததால் தெருவுக்கும் வர மாட்டான். இரவில் காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். கேட்டதும் டாக்டர் சொன்னார்: "அப்போ எலும்புக்காக எடுத்தே ஆகணும். ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு வைட்டமின் டி குறைவா இருக்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்மா. சாப்பாடு இல்ல, வெளிய வர்றதில்ல." எது முதலில், எது பின்னால் என்று நான் படித்ததில் குழம்பிக் கிடந்த முடிச்சு அந்த ஒரு வாக்கியத்தில் அவிழ்ந்தது.

எடுக்க வேண்டிய பரிசோதனையின் பெயர் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. இதே பெயரில் 1,25 என்று இன்னொன்றும் உண்டு, அது வேறு. சீட்டில் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தனியார் லேபில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. கூடவே கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மூன்றையும் எழுதிக் கொடுத்தார். வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்க அவையும் வேண்டுமாம்.

ரத்தம் எடுப்பதுதான் உண்மையான மலை. முடி வெட்டவே வீட்டை இரண்டாக்குகிற பிள்ளையிடம் ஊசியை எப்படிக் கொண்டுபோவது? முதலில் சென்ற லேபில் கூட்டம், டியூப் லைட் சத்தம், நாலு பேர் பிடித்து அழுத்தப் பார்த்தார்கள். நான் எடுக்க வேண்டாம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டிலேயே பழக்கினோம். கையில் ரப்பர் பேண்ட் கட்டுவது, பஞ்சால் துடைப்பது, பத்து வரை எண்ணுவது, பிளாஸ்திரி ஒட்டுவது. முதலில் மாமிக்கு, அப்புறம் எனக்கு, கடைசியில் அவனுக்கு. இதே வரிசையைப் படங்களாகப் போனில் எடுத்துத் தினமும் காட்டினேன். வேறொரு லேபுக்கு முன்கூட்டியே போய்ப் பேசினேன். அங்கிருந்த அக்கா, "காலையில கதவைத் திறந்ததும் வாங்க, முதல் ஆளா எடுத்து விட்டுடறேன்" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த மரத்துப்போகும் கிரீமை முழங்கை மடிப்பில் ஒரு மணி நேரம் முன்பே தடவி, மேலே பிளாஸ்டிக் ஒட்டிக் கூட்டிப் போனேன். என் மடியில் உட்கார்ந்து, போனில் மின்விசிறி சுற்றும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதான்தான். ஆனால் பத்து எண்ணி முடிக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஒரே குத்தில் எல்லா டெஸ்ட்டுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், இன்னொரு முறை வர வைத்துவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் 14 என்று வந்தது. லாத்தா தன் மகனுக்கு 50 இருந்ததாகவும், இவனுக்கு இவ்வளவு மோசமா என்றும் பதறினார். அவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் அது லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்ற கணக்கு. நம் ஊர் லேப்கள் தருவது மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று. நானோமோலை இரண்டரையால் வகுக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் அவர் மகனுக்கு 20. நம் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அளவுப்படி 20-க்கு மேல் போதுமானது, 12 முதல் 20 வரை பற்றாக்குறை, 12-க்குக் கீழ் குறைபாடு. வெளிநாட்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகிறவர்கள் முதலில் அந்த அலகைப் பாருங்கள்.

மருந்தில் இரண்டு சிக்கல். முதலாவது, நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 60,000 யூனிட் பவுடர் பாக்கெட். மாமி தன் மூட்டுவலிக்கு வாரம் ஒன்று குடிப்பது அதுதான். "அதையே பிள்ளைக்கும் கலக்கிக் குடுத்தா என்ன?" என்று உறவில் ஒருவர் கேட்டார். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினமும் ஒன்று என்று புரிந்துகொண்டு கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், கடைசியில் சிறுநீரகம் வரை போகும். தாகத்தையும் வயிற்றுவலியையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். எங்களுக்கு டாக்டர் தினமும் கொடுக்கும் சொட்டு மருந்துதான் எழுதினார், மூன்று மாதத்துக்கு. மாமியின் பாக்கெட்டுகள் இப்போது பீரோவில் பூட்டியிருக்கின்றன.

இரண்டாவது, சுவை. பழ வாசனை போட்ட சொட்டு மருந்தை ஒரே நொடியில் கண்டுபிடித்துத் துப்பினான். வாசனை இல்லாத, எண்ணெயில் கரைத்த மருந்தாக மாற்றி வாங்கினோம். இடியாப்பத்தில் ஊற்றும் தேங்காய் எண்ணெயோடு சேர்த்தேன், ஒரு வாயில் முடிகிற அளவு. கொழுப்போடு போனால் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் அது வசதியாகவும் போயிற்று.

இனி வெயில். "காலை இளவெயிலில் காட்டு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் அதில் புற ஊதா பி மிகக் குறைவு. திருப்பதி பக்கம் நடந்த ஆய்வுகளில் 11 மணியிலிருந்து 2 மணி வரைதான் தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாவதாகக் கண்டார்கள். நம் நிழல் நம் உயரத்தைவிடச் சின்னதாக இருக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது. ஆனால் சித்திரை மாதத்து ராமநாதபுரம் உச்சிவெயிலில் யார் பிள்ளையை நிறுத்துவார்கள்? பத்தரை மணிக்கு, கை கால் தெரியும் உடையில், கால் மணி நேரத்திலிருந்து மெல்லக் கூட்டி அரை மணி வரை என்று வைத்தோம். தோல் சூடாகிச் சிவக்கும் முன் உள்ளே வந்துவிட வேண்டும். பள்ளி நாட்களில் மாமிதான் பார்த்துக்கொண்டார்.

கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள் பலரும். மணல் காலில் ஒட்டினால் கத்துவான், தண்ணீரைக் கண்டால் மட்டும் நேராக ஓடுவான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தண்ணீர் மேல் உள்ள ஈர்ப்பும், கை நழுவி ஓடும் பழக்கமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் கடல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வீட்டு முற்றத்தில் ஒரு பேசின் தண்ணீர், நாலு பிளாஸ்டிக் கோப்பை. ஊற்றி ஊற்றி விளையாடுவான், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். வெளியே வரவே மறுத்தவன் இப்போது பேசினை அவனே இழுத்துக்கொண்டு போகிறான். எனக்கு இந்த மொத்த ஏற்பாட்டிலும் பிடித்தது இதுதான், வைட்டமினைவிட.

மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது 34. இரவில் கால்வலி அழுகை நின்றுவிட்டது, அதனால் தூக்கம் கொஞ்சம் நீண்டது. தூங்கிய பிள்ளை பகலில் குறைவாகச் சிணுங்குவதில் ஆச்சரியமில்லை. பேச்சு, கண் பார்த்தல், பெயர் சொன்னால் திரும்புதல் ஆகியவற்றில் அந்த மூன்று மாதத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. அதற்குப் பின் ஒன்றிரண்டு சொற்கள் வந்தன, "தண்ணி", "தா". அவை பேச்சுப் பயிற்சியில் பலநாள் உழைத்துப் பெற்றவை. லாத்தா கணக்கில் அது வைட்டமினுக்குப் போய்ச் சேர்ந்தது, நான் சண்டை போடவில்லை.

இடையில் வெளியூரில் ஒரு கிளினிக்கில், உயர்ந்த டோஸ் ஊசி, உடம்பிலிருந்து உலோகம் எடுக்கும் சிகிச்சை எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொன்னார்கள். தொகையைக் கேட்டு என் கணவர் போனிலேயே அமைதியாகிவிட்டார். உலோகம் எடுப்பதாகச் சொல்லும் மருந்துகளால் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். போகவில்லை.

அந்தப் பணமும் நேரமும் வேறு வேலைக்கு ஆயிற்று. ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள், மொத்த மதிப்பெண் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம். அவனுக்கு நடுத்தரப் பிரிவில் வந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஆட்டிசமும் இருப்பதால் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்தோம். அட்டை வந்ததும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுக்கும் போட்டிருக்கிறோம், வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை.

இப்போது பராமரிப்புக்குத் தினமும் 600 யூனிட் போகிறது. அடுத்த ரத்தப் பரிசோதனையை அவசரமாக எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமாகும் காசு ராமநாதபுரம் போகிற பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் சரியாக இருக்கிறது, பயிற்சி வாரம் தவறாமல் நடக்கிறது.