பேட்டைக்கு விலை ஏறும்போது

"ஓனர் மாறிட்டார், மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம்." தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வுட்ஸ்டாக், சால்ட் ரிவர் பக்கம் பல வருடமாகப் புழங்கும் பேச்சு இது. டர்பனில் பெரிய வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங்கில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் புதிதல்ல. வாடகைதாரர்களில் பலர் கோர்ட் வாசலே மிதிக்காமல், இந்த ஒரு வாய்ச்சொல்லுக்கே மூட்டை கட்டிவிடுகிறார்கள். பேட்டை காலியாவது பெரும்பாலும் அப்படித்தான்.

கட்டடம் விலைபோனாலும் வாடகை ஒப்பந்தம் சாகாது. ரோமன்-டச்சுச் சட்டத்திலிருந்து வந்த பழைய விதி இது. வாங்கியவர் பழைய ஓனரின் இடத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். ஒப்பந்தம் டிசம்பர் வரை என்றால் டிசம்பர் வரை அதே வாடகை. காலம் முடிந்த பிறகும் ஓனர் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால் அது பழைய நிபந்தனைகளோடு மாதாந்தர ஒப்பந்தமாகத் தொடரும். முடிக்க வேண்டுமானால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ், அதுவும் எழுத்தில்.

நோட்டீஸ் முடிந்துவிட்டாலும் ஆளை வெளியே தள்ள ஓனரால் முடியாது. அரசியல் சாசனத்தின் 26(3) பிரிவுப்படி கோர்ட் உத்தரவு வேண்டும். 1998-இல் வந்த பை ஆக்ட் (PIE, சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் சட்டம்) அதற்கான வழிமுறையைச் சொல்கிறது. விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பு, கோர்ட் அனுமதித்த நோட்டீஸ் உங்கள் கைக்கும் நகராட்சிக்கும் வந்திருக்க வேண்டும். அதில் விசாரணைத் தேதி, நேரம், காரணம், இலவசச் சட்ட உதவி கேட்கும் உரிமை எல்லாம் இருக்கும். வக்கீலின் லெட்டர்ஹெட் மட்டும் இருந்து, கேஸ் நம்பரும் கோர்ட் முத்திரையும் இல்லையென்றால் அது வெறும் கடிதம். பத்திரமாக வையுங்கள், பயந்து ஓடாதீர்கள்.

பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது ஓனர்களின் அடுத்த வழி. "நானாகவே காலி செய்கிறேன்" என்று எழுதிய தாளில், எங்கே போவோம் என்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. 2017-இல் ஜோஹன்னஸ்பர்க்கின் பெரேயா பகுதிக் குடியிருப்பாளர்கள் வழக்கில், உரிமை தெரியாமல் கொடுத்த சம்மதம் செல்லாது என்றே அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதை நிரூபிக்க வழக்காடியாக வேண்டும். கையெழுத்தே போடாமல் இருப்பது எவ்வளவோ மேல். தண்ணியையோ லைட்டையோ நிறுத்துவதும் பூட்டை மாற்றுவதும் குற்றம். அவசர மனுப் போட்டால் கோர்ட் திரும்பக் கொடுக்கச் சொல்லும்.

வாடகையை மட்டும் திடீரென்று ஏற்றினால் மாகாணத்தின் ரெண்டல் ஹவுசிங் ட்ரிப்யூனலுக்கு, அதாவது வாடகைத் தகராறு தீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை அல்லது மூன்று மாதம்வரை, எது முந்தியோ அதுவரை, ஏற்றுவதற்கு முந்தைய வாடகையைக் கட்டினால் போதும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடுவார்கள், ஓனர் கையில் நல்ல காரணத்தைக் கொடுத்துவிடுவார்கள். பேங்க் வழியாகக் கட்டுங்கள், ரசீது வையுங்கள்.

எல்லாம் தோற்று வெளியேறத்தான் வேண்டும், தெருவில்தான் நிற்கவேண்டும் என்ற நிலை வந்தால், தனியார் ஓனர் வெளியேற்றினாலும் தற்காலிகத் தங்குமிடம் தருவது நகராட்சியின் கடமை. அரசியல் சாசன நீதிமன்றத்தின் 2011 ப்ளூ மூன்லைட் வழக்குத் தீர்ப்பு இது. எங்கே என்பதுதான் சண்டை. கேப் டவுன் நகராட்சி காட்டிவந்த வொல்வரிவியர், ப்ளிக்கீஸ்டார்ப் முகாம்கள் வேலையிடத்திலிருந்து வெகு தூரம். டாக்ஸிக்கே பாதிச் சம்பளம் போய்விடும். வுட்ஸ்டாக்கின் ப்ராம்வெல் தெருக்காரர்கள் விடாமல் வழக்காடினார்கள். 2024 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், வுட்ஸ்டாக், சால்ட் ரிவர் அல்லது நகர மையத்திலேயே ஆறு மாதத்துக்குள் இடம் தரச் சொன்னது.

சொந்த வீடு வைத்திருப்பவர்களை அடிப்பது ரேட்ஸ், அதாவது நகராட்சியின் சொத்து வரி. பெருநகரங்களில் பொதுவாக நான்கு வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டுப் பட்டியல் வரும். ஊர் முழுக்க ஒரே அளவு மதிப்பு ஏறினால், ராண்டுக்கு இத்தனை சென்ட் என்ற விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், பில் பெரிதாக மாறாது. உங்கள் தெரு மட்டும் ஊரைவிட வேகமாக ஏறினால்தான் வலி. பக்கத்து வீட்டைப் புதுப்பித்து விற்றவர் விலையை வைத்து உங்கள் ஓட்டு வீட்டையும் மதிப்பிட்டிருப்பார்கள். ஆட்சேபிக்க குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. ஒழுகும் கூரை, ஈரச் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாவற்றின் போட்டோவும், புதுப்பிக்காத வீடுகள் போன விலையும் சேர்த்துக் கொடுங்கள். "எனக்குக் கட்டுப்படியாகாது" என்பது ஆட்சேபணையாகாது. முடிவு வரும்வரை பில்லைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

டர்பனின் கிளேர்வுட்டில் ஆட்களைக் கிளப்ப வந்தது வசதியானவர்களுக்கான காபிக்கடை அல்ல, லாரி. பழைய ரேஸ்கோர்ஸ் லாஜிஸ்டிக்ஸ் கிடங்காகிவிட்டது, வீட்டு மனைகளில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. இங்கிருந்து போன நம் ஆட்கள் முருகனுக்குக் காவடி எடுக்க, டர்பனின் இன்னொரு பகுதியான சாட்ஸ்வொர்த்திலிருந்து வண்டி பிடித்து வரவேண்டியிருக்கிறது. விளைவு ஒன்றுதான், ஆனால் இதை யாரும் 'முன்னேற்றம்' என்று போஸ்டர் போடுவதில்லை.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல், பத்திரம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது. அவர் போய் இருபது வருடமாகியிருக்கும், ஆயா (பாட்டி) குடியிருப்பார், பென்ஷனர் ரேட்ஸ் தள்ளுபடி கேட்டால் பெரும்பாலும் முதலில் கேட்பதே பதிவான உரிமையாளர் யார் என்றுதான். எஸ்டேட்டை (இறந்தவர் விட்டுப்போன சொத்தை) மாஸ்டர் ஆபீஸில், அதாவது அதைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சொத்து 2,50,000 ராண்டுக்குள் என்றால் எளிய அதிகாரக் கடிதம் போதும். மேலே போனால் எக்ஸிக்யூட்டர் (சொத்தை நிர்வகித்துப் பிரித்துக் கொடுப்பவர்) நியமனம் வேண்டும். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உயில், பத்திர நகல் நான்கையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். தமிழ்ச் சடங்குப்படி மட்டும் கல்யாணம் செய்து பதிவு செய்யாத ஜோடிகளுக்கு இங்கே கூடுதல் அலைச்சல். அப்போது குடும்பத்தார் சத்தியப் பிரமாணமும் சேர்த்துக் கொண்டுபோவது நல்லது.