26 கிலோ சிப்பமும் என் ராஜினாமாக் கடிதமும்

ஜூலை 7, 2024, ஞாயிறு

செப்டம்பர் 9 வந்தால் இந்தக் கம்பெனியில் சேர்ந்து ஐந்து வருடம். பேக்எண்ட் வேலை, அதாவது திரைக்குப் பின்னால் ஓடும் புரோகிராம்களை எழுதுவது, பெரும்பாலும் ஜாவா மொழியில். கம்பெனி சென்னையில், நான் 2020 கொரோனாவில் மதுரைக்கு வந்தவன் அப்படியே அண்ணா நகர் வீட்டு மாடியில் தங்கிவிட்டேன், மாதம் ஒரு தடவை பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன். வேலையில் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் ஒரு டிக்கெட் (செய்ய வேண்டிய வேலைக்கான குறிப்பு) என் கைக்கு வருவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். அது சரியான முடிவுதானா என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஒரு வருடமாக இது உறுத்துகிறது. வேலையை விட்டுவிட்டுக் கன்சல்டிங் பக்கம், அதாவது கடை, கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலுக்கு, போகலாமா என்ற யோசனையை இனி இங்கே எழுதிக்கொண்டே வருகிறேன், எழுதினால்தான் எனக்குத் தெளியும்.

ஜூலை 13, சனி

கீழமாசி வீதிப் பக்கம் அரிசி, பருப்பு மொத்தக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். "தம்பி, எப்பப் பாத்தாலும் ஸ்டாக்கு மைனஸ்லயே நிக்குது, புது சாஃப்ட்வேர் போடணும்ங்கிறாங்க, மூணு லட்சம் ஆகுமாம், நீ வந்து ஒரு பார்வை பாரேன்" என்று போன வாரம் கூப்பிட்டார்.

இன்று காலை 6 மணிக்கே குடோனுக்குப் போய்விட்டேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லை, லாரியிலிருந்து சிப்பம் இறங்குவதையும் யார் எண்ணுகிறார்கள், எதில் எழுதுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். 9 மணி வாக்கில் லோடுமேன் அண்ணன் ஒருவரிடம் "எல்லாம் 25 கிலோதானண்ணே?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, இந்த மில்லுது 26, அந்தா சுவரோரம் கிடக்குறதுதான் 25" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய அரிசிப் பைகளுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது, அதனால் நிறைய மில்கள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறிவிட்டன. கடையின் சாஃப்ட்வேரில் ஒரு சிப்பம் என்றால் இன்னமும் 25 கிலோதான். கொள்முதல் சிப்பக் கணக்கில் ஏறுகிறது, பிரித்து விற்பது கிலோக் கணக்கில் இறங்குகிறது. 40 சிப்பம் பிரித்தால், வந்ததைவிட 40 கிலோ கூடுதலாக விற்றதாகக் கணக்கு சொல்லும். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை ஒரு என்ட்ரி போட்டுச் சரிக்கட்டுவார், மறு மாதம் மறுபடி மைனஸ்.

26 கிலோவுக்குத் தனி ஐட்டம் உருவாக்கி, இறக்குகிற இடத்திலேயே சீட்டில் எடையையும் எழுத வைத்தால் போதும். ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை. திரும்பி வரும்போது சிம்மக்கல்லில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சும்மா நின்றேன், அத்தனை சந்தோஷம்.

ஜூலை 14, ஞாயிறு

அண்ணாச்சி "எவ்வளவு தரணும்?" என்று கேட்டார். வெளியில் காசு வாங்கி வேலை செய்யக் கூடாது என்று என் நியமனக் கடிதத்தில் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டேன். ஆனால் உண்மையில் அந்தத் தடை இல்லாவிட்டாலும் என் வாயிலிருந்து ஒரு தொகை வந்திருக்காது. சாமானுக்கு விலை உண்டு, யோசனைக்கு ஏது விலை என்று நினைக்கிற ஊரில் வளர்ந்தவன் நான். அப்பாவும் "என்னப்பா, பேசுனதுக்கா காசு?" என்றுதான் கேட்டார். கன்சல்டிங்கில் எனக்குப் பயமே இந்த இடம்தான். அடுத்த தொழில்நுட்பத்தைப் படித்துக்கொள்ளலாம், விலை சொல்வதை எங்கே படிப்பது?

ஜூலை 21, ஞாயிறு

ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்தேன். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம், டெக்னிக்கல் கன்சல்டன்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், அதை முதலில் செய்யச் சொன்னார், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் பில் தொகை 45 நாளைக்குள் வந்தாக வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். சட்டம் அப்படி. கையில் எப்போது வரும் என்பது ஆளைப் பொறுத்தது என்றும் அவரே சொன்னார்.

கிராஜுவிட்டி, அதாவது ஐந்து வருடம் முடித்து வேலையை விட்டால் கம்பெனி தரும் பணிக்கொடை: கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்க வேண்டும். எனக்கு அடிப்படை 40,000, ஐந்து வருடத்துக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் சொச்சம். விடுகிற தொகை இல்லை.

மனைவி கேட்டது வேறு. "ஏங்க, மாமாவோட இன்ஷூரன்ஸ் என்னாகும்?" அப்பாவுக்குச் சர்க்கரை. புது பாலிசி எடுத்தால் ஏற்கனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். இப்போது அவர் இருக்கும் என் கம்பெனியின் குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க வழி இருக்கிறது, வேலையில் இருக்கும்போதே அதை ஆரம்பித்துவிட வேண்டும். வீட்டுக் கடன் தவணையைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஜூலை 30, செவ்வாய்

இன்று ஆபீஸ் வேலையில் மூன்று மணி நேரம் ஒரு டெட்லாக்கை (இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும் சிக்கலை) துரத்தினேன். டேட்டாபேஸில் இரண்டு டிரான்சாக்ஷன்கள் அதே இரண்டு பதிவுகளை ஒன்றுக்கொன்று தலைகீழான வரிசையில் பூட்டிக்கொண்டிருந்தன, பூட்டும் வரிசையை ஒன்றாக்கியதும் சரியாகிவிட்டது. சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. இதை விட்டுவிட்டா போகப்போகிறேன் என்று மனசு கனத்தது. புரோகிராம் எழுதுகிறவன் தன் தவறோடு கூடவே இருப்பான், இரவு 2 மணிக்கு அலாரம் அவனுக்குத்தான் அடிக்கும். சொல்லிவிட்டுப் போய்விடுகிற ஆளாக நான் ஆகக் கூடாது. அதனால் எந்த ஒப்பந்தம் போட்டாலும் மூன்று மாதம் கழித்து ஒரு நாள் கட்டாயம் திரும்பப் போய்ப் பார்ப்பேன் என்று அதிலேயே எழுதிவிடப் போகிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மா சொன்னது: "எதா இருந்தாலும் ஆவணி பொறக்கட்டும்." சரி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அண்ணாச்சி கடையில் ஒரு மாதமாக மைனஸ் வரவில்லை. நானே நேற்றுப் போய்ப் பார்த்தேன், சீட்டில் எடை எழுதுகிறார்கள், ஒரு நாள் மட்டும் விட்டிருக்கிறது.

கடிதம் எழுதிவிட்டேன், நாளை அனுப்புகிறேன். 60 நாள் நோட்டீஸ், அக்டோபர் 18 கடைசி நாள், ஐந்து வருடம் அதற்குள் முடிந்துவிடும். அப்பாவின் பாலிசிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

மாலையில் பக்கத்துத் தெரு பருப்புக் கடைக்காரர் கூப்பிட்டார், அண்ணாச்சி சொல்லி. அக்டோபர் 21 காலையில்தான் வர முடியும் என்றேன். தீபாவளி 31, அதற்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்றார். "எவ்வளவு தம்பி?"

"ஒரு நாளைக்கு ஏழாயிரம்ண்ணாச்சி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நானும் பேசவில்லை.

"ரெண்டு நாள்ல முடிஞ்சிருமா?"

"குடோனைப் பாக்காம சொல்ல முடியாதுண்ணாச்சி."

"சரி, ஆறு மணிக்கு வந்துரு. ஏழரைக்கு லோடு இறங்க ஆரம்பிச்சிரும்."