டெல்லிக் குளிரில் புடவை, பூ, மூக்குத்தி

டெல்லிக்குக் குடிவரும் தமிழ்ப் பெண்கள் பலர் முதல் டிசம்பரிலேயே புடவையைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். குளிர் ஒரு காரணம். அலுவலகத்தில் சுற்றிலும் சல்வார் சூட்டும் துப்பட்டாவும் ஜீன்ஸும், புடவையென்றால் "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்ற கேள்வி, அது இன்னொரு காரணம். சூட் பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். புடவைதான் மனதுக்குப் பிடித்த உடை என்றால், குளிருக்காக அதை விடவேண்டாம்.

ஜனவரி இரவுகளில் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊர் இது. குளிருக்கு உள்ளே போடும் ஒட்டிய உடையான தெர்மல் வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். முன்னும் பின்னும் நன்றாக இறங்கிய கழுத்தாக இல்லாவிட்டால் ரவிக்கைக்கு மேலே எட்டிப் பார்க்கும். கீழே தெர்மல், அதன்மேல் பருத்திப் பாவாடை. பாவாடை இல்லாமல் தெர்மலிலேயே செருகினால் எலாஸ்டிக் தளர்ந்து கொசுவம் நழுவும். சாட்டின் பாவாடை வேண்டவே வேண்டாம்: வறண்ட காற்றில், ஹீட்டர் ஓடும் அறையில், செயற்கை இழைத் துணிகள் உரசி மின்னேற்றம் பிடிக்கும், புடவை காலோடு ஒட்டிக்கொள்ளும். ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டுங்கள். கட்டிய பிறகு குதிகால் உயரம் மாறினால் கரை தரையில் புரளும், அல்லது கணுக்காலுக்கு மேல் ஏறும். உள்ளே கனம் கூடுவதால் கொசுவத்தில் ஒன்றிரண்டு மடிப்பு குறையும், பரவாயில்லை. கோட் போடுவதென்றால் முந்தானையைத் தோளில் பின் குத்தி, பின்னால் தொங்குவதை வலப்பக்கமாக முன்னுக்குக் கொண்டுவந்து இடுப்பில் செருகுங்கள். மெட்ரோ எஸ்கலேட்டரில் மாட்டாமலிருக்கவும் இதுதான் வழி.

குளிர்கால ரவிக்கையைத் தனியாகத் தைக்கவேண்டும். தெர்மல் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்கவேண்டும். முழுக்கை வைப்பதானால், புடவையோடு வரும் 80 சென்டிமீட்டர் துண்டு பெரும்பாலும் போதாது, கனத்த பருத்தியோ வெல்வெட்டோ தனியே எடுங்கள். பேட்டைத் தையற்காரர் பலருக்குக் கை பழகியிருப்பது சூட்டில்தான், வாயால் விளக்குவதைவிடச் சரியாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுப்பது நல்லது. லைனிங்கை இங்கே 'அஸ்தர்' என்பார்கள். அதை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கித் தையலெல்லாம் இழுக்கும். புடவைக்கு அடிக்கும் ஃபால்ஸுக்கும் இதே விதி. பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி விடச் சொல்ல மறக்காதீர்கள், மார்ச்சில் தெர்மல் கழன்றதும் பிடிக்கவும், அடுத்த வருடம் பிரிக்கவும் உதவும்.

உயர்கழுத்து ஸ்வெட்டரையே ரவிக்கையாகப் போட்டால் "இதெல்லாம் ஒரு கட்டா?" என்று ஊரிலிருந்து பெரியம்மா கேட்கக்கூடும். கட்டு மாறுவது புதிதல்ல. 1860களில் பம்பாய்க்குப் போன வங்காளப் பெண் ஞானதானந்தினி தேவி, பார்சிப் பெண்கள் கட்டும் விதத்தைப் பார்த்துத் தனக்கேற்ப மாற்றி, ரவிக்கை பாவாடையோடு வங்காளத்தில் பரப்பினார். வெளியே நடமாட ஏற்ற உடை அவருக்குத் தேவைப்பட்டது. புது ஊரின் தேவைக்காகக் கட்டை மாற்றுவதில் பெண்மை எதுவும் குறைந்துவிடாது என்பதை நாங்கள் உறுதியாகவே சொல்கிறோம்.

பூ விஷயம் வேறு. இங்கே தலையில் பூ என்பது பெரும்பாலும் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும். சிக்னலில் விற்கும் கஜ்ரா என்ற பூச்சரம் ஊசியில் கோத்தது, நம் சரம்போல நெருக்கமாகத் தொடுத்ததல்ல. பின்னலில் தொங்கவிட்டால் மொட்டுகள் நூலில் சரிந்து ஒரு பக்கம் குவியும். கொண்டையைச் சுற்றி வைத்து இரு முனையிலும் ஹேர்பின் குத்தினால் நிற்கும். தொடுத்த பூ வேண்டுமென்றால் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். குளிர்காலத்தில் மல்லிகை வரத்து எப்படியும் குறைவு.

வகிட்டில் குங்குமம் இல்லை, கறுப்புமணி இல்லை என்பதால் கல்யாணமானவரா என்று கேட்பார்கள். தாலியும் மெட்டியும் பலருக்குப் பழக்கமில்லாத அடையாளம். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், அவர்களுக்காகக் குங்குமம் வைக்கவேண்டியதில்லை. மகளுக்கு மூக்குக் குத்தப் போனால் மட்டும் முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்லுங்கள்: வடக்கில் பெரும்பாலும் இடது மூக்கு, நம்மில் பலருக்கு வலது. புள்ளி வைத்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் குத்தவிடவேண்டும். பூட்ஸ் காலத்துக்கு முத்து வைத்த மெட்டி வேண்டாம், பக்கத்து விரலை அழுத்திப் புண்ணாக்கும். தட்டையான வளைய மெட்டியும் மெல்லிய பருத்தி சாக்ஸும் போதும்.